தாலோ புளூ: பல வருஷப் பழக்கம், தீராத எரிச்சல்

வாட்டர்கலர் ஆரம்பிக்கப்போகும் தோழி, "ஒரே ஒரு நீலம் வாங்கணும்னா எது? அல்ட்ராமரீனா, தாலோவா?" என்று கேட்டாள். இரண்டையும் வருஷக்கணக்கில் கரைத்துவிட்டதால் சொல்கிறேன்.

முதலில் தாலோவுக்கு உரிய நியாயம். ட்யூபில் பெரும்பாலும் பிபி 15:3 என்று நிறமி எண் போட்டிருக்கும், வேறெதுவும் கலக்காத ஒற்றை நிறமி. வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது. லெமன் யெல்லோவோடு சேர்ந்தால் பளிச்சென்ற தளிர்ப் பச்சை, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு அடர்ந்த காட்டுப் பச்சை, குவினாக்ரிடோன் ரோஸ் என்ற இளஞ்சிவப்போடு தெளிவான ஊதா. அல்ட்ராமரீனிடம் அந்தத் தளிர்ப் பச்சை கிடைக்காது. அதில் கொஞ்சம் சிவப்புச் சாயல் உண்டு. மஞ்சளோடு சேர்த்தால் பச்சை மங்கிப்போகும்.

ஆனால் இந்தத் தாலோவுக்கு அடக்கம் என்பதே கிடையாது! கரைத்து வைத்த மஞ்சளில் பிரஷ் நுனியளவு நீலம் போதும். துளி கூடினாலும் அதைச் சரிக்கட்ட மஞ்சளைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் எப்போதும் மஞ்சளில்தான் நீலத்தைச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்தால் மஞ்சள் ட்யூப் காலி. காய்ந்த பிறகு ஈரப் பிரஷால் எவ்வளவு தேய்த்தாலும் பேப்பரை விட்டு முழுசாக வராது. வானத்தில் மேகத்துக்காக நீலத்தை ஒற்றி எடுப்பதென்றால் ஈரத்திலேயே எடுத்துவிட வேண்டும். அல்ட்ராமரீன் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. சொரசொரப்பான பேப்பரின் குழிகளில் மணல் மணலாகப் படிந்து, வானத்துக்குத் தனி அழகும் கொடுக்கும்.

தாலோவே வேண்டாம் என்று 24 கலர் பெட்டி வாங்கினாலும் தப்ப முடியாது. மலிவான பெட்டிகளில் 'செருலியன் ஹ்யூ', அதாவது அசல் செருலியன் நீலத்தைப் போலச் செய்த நிறம், பெரும்பாலும் தாலோவில் வெள்ளை கலந்ததுதான். சாப் கிரீனைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் பிஜி 7 இருக்கும், அதாவது தாலோ கிரீன், இதே குடும்பம். நிறமி எண்ணே போடாத பெட்டியைத் தொடவே வேண்டாம். எதில் எது கலந்திருக்கிறது என்று தெரியாமல் மேலும் கலந்தால் சேறுதான்.

என் பிளாஸ்டிக் பேலட்டில் மற்ற குழிகளெல்லாம் கழுவினால் வெளுத்துவிடுகின்றன. தாலோ இருந்த குழி சோப்புக்கும் அசையவில்லை. இன்று காலையும் தேய்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே தோழிக்கு என் பதில்: அல்ட்ராமரீன் வாங்கு. கூட ஒரு பர்ன்ட் சியன்னா இருந்தால் நல்ல சாம்பல் நிறமும் கிடைக்கும். தளிர்ப் பச்சைக்கு என்ன செய்வது என்கிறாயா? இப்போதைக்கு இலையே வரையாதே.