2,150 பவுண்டு போச்சு: பழைய ராணுவ குரோனோகிராஃப் தேடுறவங்க தயவுசெஞ்சு படிங்க

சனிக்கிழமை ராத்திரி லைட்டை அணைச்சதும் மேசை மேல பச்சையா எரிஞ்சுது அந்த வாட்ச். வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. 1974-ல பிரிட்டிஷ் படைக்குக் கொடுத்த, சிடபிள்யூசி கம்பெனியோட குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள கைக்கடிகாரம்)னு நம்பி 2,150 பவுண்டு கொடுத்தது. அந்தக் காலத்து டயல்ல இருட்டுல ஒளிரப் பூசினது டிரிட்டியம்ங்கிற கதிரியக்கப் பொருள்; பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாயிடும். ஐம்பது வருஷம் கழிச்சு அது இப்படி எரியவே எரியாது. யாரோ புதுசா பூசியிருக்கான்.

விற்றவர் ஒரு பழைய வாட்ச் விற்பனை இணையதளத்துல பிடிச்ச ஆள். வீடியோ கால்ல வந்து பட்டனை அழுத்தி, முள் ஓடுறதையும் நின்னு பூஜ்யத்துக்குத் திரும்புறதையும் பொறுமையா காட்டினார். அப்பா விமானப்படையில மெக்கானிக்காம். சீருடையில நிக்கிற கறுப்பு வெள்ளை போட்டோவும் அனுப்பினார். "அவசரமே இல்ல, இதை நல்லா வெச்சுக்கிற ஒருத்தர் கைக்குப் போனா போதும்"னார். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். அப்புறம்தான் வந்தது, "தளத்துக்குக் கமிஷன் எதுக்கு, நேரா அக்கவுண்ட்ல போடுங்க, நூறு குறைச்சுக்கிறேன்."

பின்மூடியில 0552-ன்னு இருந்துச்சு. அது கடற்படை எண். விமானப்படைக்கு 6பிபி. கேட்டேன். "படைக்குள்ள மாத்திக்குவாங்க"ன்னார். நம்பினேன்.

திங்கட்கிழமை கடிகாரம் பழுது பார்க்கிற பெரியவர் லென்ஸ் வெச்சுப் பார்த்தார். மூடியெல்லாம் தேய்ஞ்சிருக்கு, எழுத்து மட்டும் நேத்து வெட்டின மாதிரி கூர்மையா இருக்கு. ஸ்ட்ராப் மாட்டுற கம்பி கேஸோட சேர்ந்து அசையாம இருக்கணும். இதுல கழட்டி மாட்டுற ஸ்பிரிங் கம்பி. உள்ள வால்ஷூ 7733 இருக்கு, சரிதான். ஆனா அந்த இயந்திரம் சாதாரண வாட்ச்லயும் ஏராளமா வந்தது.

விற்றவர்கிட்ட சொன்னேன். "பழசுன்னா அப்படித்தான் சார்"னு ஒரே பதில். அதுக்கப்புறம் நம்பரையே பிளாக் பண்ணிட்டார். தளத்துக்கு நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் அதே வரி: பணம் எங்க வழியா வரலை, நாங்க தலையிட முடியாது. அதே ஆள் அங்க இன்னும் விளம்பரம் போட்டுட்டிருக்கார்! பேங்க்ல "நீங்களே அனுப்பியிருக்கீங்க, விசாரிக்கிறோம்"னாங்க. 2,150 பவுண்டு. ரெண்டு வருஷமா சேர்த்த காசு.

எப்படிச் சோதிக்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. தளத்துக்கு வெளிய பணம் அனுப்பாதீங்க. இருட்டுல வெச்சு ஒரு போட்டோ கேளுங்க. ஸ்ட்ராப்பைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. எண்ணும் கதையும் ஒத்துப்போகலன்னா விட்டுடுங்க.

போலீஸ்ல புகார் பதிஞ்சிருக்கேன். இதே மாதிரி 0552, 1974 போட்ட வாட்சை "அப்பாவோடது"ன்னு யாராவது உங்ககிட்ட காட்டியிருந்தா உடனே எனக்கு எழுதுங்க.