நடந்தா, நடக்கையிலா: ஆங்கிலப் பார்ட்டிசிபிள் தொடரும் இணைப்புச்சொல் தொடரும்

பட்டர்வொர்த்தில் மாலை வேளைகளில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குரிய கட்டுரைப் பயிற்சிகளில் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் வாக்கியம் ஒன்று உண்டு. "வாக்கிங் டு த ஜெட்டி, த ரெயின் ஸ்டார்ட்டட்" என்பது அதன் அண்மைய வடிவம். ஆங்கில இலக்கணத்தின்படி இங்கே படகுத்துறைக்கு நடந்து போனது மழைதான். எழுதிய மாணவியிடம் அதையே தமிழில் சொல்லுமாறு கேட்டேன். "ஜெட்டிக்கு நடந்து போறப்ப மழ பிடிச்சிருச்சு டீச்சர்" என்றாள். "நடந்து போய் மழ பிடிச்சிருச்சு" என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் அவள் வாய் தவறாமல் செய்த தேர்வை, ஆங்கிலத்தில் அவள் கை செய்யவில்லை.

ஒரு முதன்மை வினைக்கு முன்னால் இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்ல ஆங்கிலம் இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, எழுவாயையும் காலத்தையும் விட்டுவிட்டு வினையை மட்டும் "வாக்கிங்", "ஹேவிங் வாக்ட்" என்று வைக்கும் பார்ட்டிசிபிள் தொடர். மற்றொன்று, "வென்", "பிகாஸ்", "ஆல்தோ" போன்ற சொல்லொன்றைத் தலையில் வைத்து, எழுவாயும் காலமும் குறையாமல் எழுதும் இணைப்புச்சொல் தொடர். பள்ளிகளில் முதலாவதை உயர்ந்த நடையாகவும் இரண்டாவதைத் தொடக்கநிலை நடையாகவும் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டும் செய்யும் வேலைகள் வேறு.

பார்ட்டிசிபிள் தொடருக்கு எழுவாய் கிடையாது என்பதால், முதன்மை வாக்கியத்தின் எழுவாயே அதற்கும் எழுவாய் ஆகிறது. இதை மாணவர்கள் ஏதோ ஆங்கிலேயரின் விசித்திர விதி என்று எண்ணுகிறார்கள். உண்மையில் நன்னூல் இதே விதியை வினையெச்சத்துக்குச் சொல்லியிருக்கிறது. செய்து, செய்பு, செய்யா, செய்யூ எனத் தொடங்கி வான், பான், பாக்கு என முடியும் 12 வாய்பாடுகளை அடுக்கிய பவணந்தியார், அவற்றுள் முதல் நான்கும் இறுதி மூன்றும் தம் வினைமுதலையே கொண்டு முடியும் என்றும், செய்தென, செய, செயின் முதலிய ஏனையவை பிறவற்றையும் ஏற்கும் என்றும் பிரித்துவிடுகிறார். "செய்து" என்றால் செய்தவரே அடுத்ததையும் செய்ய வேண்டும். "செய்ய" என்றால் வேறொருவர் செய்யலாம். "அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள்" என்பது முதல் வகை. "அவள் கதவைத் திறக்க, பூனை உள்ளே போனது" என்பது இரண்டாம் வகை. முதல் வகைக்கு ஆங்கிலத்தில் பார்ட்டிசிபிள் தாராளமாகப் போதும். இரண்டாம் வகைக்கு "வென் ஷி ஓப்பண்ட் த டோர்" என்ற முழுத் தொடர்தான் இயல்பாக இருக்கும்.

ஆகவே நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் சோதனை எளிமையானது. எழுத நினைப்பதை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். "நடந்து", "நடந்துகொண்டே" என்று வந்தால் பார்ட்டிசிபிள் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. "நடக்கையில்", "நடந்தபோது", "நடந்ததால்" என்று வந்தால், இரண்டு வினைகளையும் செய்தவர் ஒருவர்தானா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இந்தச் சோதனை கைவிடும் இடமும் ஒன்று உண்டு. "மழை பெய்து ஆறு பெருகியது" என்று நாம் தயங்காமல் எழுதுகிறோம். பெய்தது மழை, பெருகியது ஆறு. "ஞாயிறு பட்டு வந்தான்" என்னும் எடுத்துக்காட்டை வைத்து, சொல் திரிந்தாலும் பொருள் திரியாத எச்சம் என்று இலக்கணம் இதற்கு இடமளிக்கிறது. அங்கே "பட்டு" என்பது "பட" என்பதன் வேடம். ஆங்கிலம் இந்த வேடத்தை ஏற்காது. "த சன் ஹேவிங் செட், ஹி கேம்" என்று சூரியனை வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே அனுமதிக்கும், அதுவும் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும் நடையில். "பீயிங் எ பப்ளிக் ஹாலிடே, த ஃபெர்ரி வாஸ் ஃபுல்" என்னும் வாக்கியம் எங்கள் பக்கத்தில் பேச்சிலும் எழுத்திலும் சரளமாகப் புழங்குகிறது. படகே ஒரு பொது விடுமுறை என்று அது சொல்கிறது. "ஆஸ் இட் வாஸ் எ பப்ளிக் ஹாலிடே" என்று எழுதினால் இரண்டு மூன்று சொற்கள் கூடுமே தவிர, குழப்பம் எதுவும் இருக்காது.

பொருளுறவைக் காட்டுவதிலும் இணைப்புச்சொல் தொடருக்கே என் வாக்கு. "லிவிங் நியர் த பிரிட்ஜ், ஹி கம்ஸ் லேட்" என்றால் பாலத்தருகே வசிப்பதால் தாமதமா, வசித்தும் தாமதமா? "பிகாஸ்" அல்லது "ஆல்தோ" அதை ஒரே சொல்லில் தீர்த்துவைக்கும். "வைல்", "வென்", "ஆல்தோ" ஆகியவற்றைப் பார்ட்டிசிபிளோடு சேர்த்தும் எழுதலாம். ஆனால் "பிகாஸ்" அப்படிச் சேராது. "பிகாஸ் ஃபீலிங் டயர்ட்" என்று எழுதும் மாணவருக்கு அது மலாயிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். "கெரானா பெராச லெத்தே" என்று எழுவாயை விட்டுவிட்டு மலாயில் இயல்பாகச் சொல்லலாம். மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளையின் தவறு எந்த மொழியின் வாசல் வழியாக வந்தது என்று தெரிந்தால் திருத்துவது பாதி முடிந்த மாதிரி.

பார்ட்டிசிபிள் வெல்லும் இடமும் தெளிவாகவே இருக்கிறது. "ஓப்பண்ட் இன் 1985, த பெனாங் பிரிட்ஜ் இஸ் 13.5 கிலோமீட்டர்ஸ் லாங்" என்னும் வாக்கியத்தில் திறப்பு என்பது போகிற போக்கில் தரும் செய்தி, அதற்கு முழுத் தொடர் போட்டால் பாரம் கூடிவிடும். இதைத் தமிழாக்கும்போதுதான் கவனம் வேண்டும். "1985இல் திறக்கப்பட்டு, பினாங்குப் பாலம்..." என்று தொடங்குவது தமிழாகாது. "1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம்" என்று பெயரெச்சமாக்கினால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது.

இரண்டு வழிகளும் ஒரே வாக்கியத்தில் சேரும்போது, அதாவது பார்ட்டிசிபிளுக்குப் பின்னால் இணைப்புச்சொல் தொடர் ஒன்று ஒட்டிக்கொள்ளும்போது, சிக்கல் வேறு விதமாக மாறுகிறது. "நோயிங் தட் த லாஸ்ட் ஃபெர்ரி ஹேட் லெஃப்ட், ஷி டுக் எ டாக்சி" என்பதைப் பாருங்கள். "நோயிங்" என்பதற்குச் சொந்தக் காலம் இல்லை. எனவே "தட்" தொடர் தன் காலத்தை வாக்கியக் கடைசியில் இருக்கும் "டுக்" என்பதிலிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. தமிழில் "படகு இனி வராது என்று அறிந்து டாக்சி பிடித்தாள்" என்கிறோம். "என்று" என்னும் சொல், அவள் மனத்தில் ஓடிய காலத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் மாணவர் "வில் நாட் கம்" என்று எழுதிவிடுகிறார். ஆங்கிலத்தில் அங்கே "வுட் நாட் கம்" வர வேண்டும். எழுவாய்ப் பிழையை விட இந்தப் பிழையைத்தான் நான் அதிகமாகத் திருத்துகிறேன், ஏனெனில் இது வாசிப்பவர் கண்ணில் சட்டென்று படுவதில்லை.

"தட்" தொடர் பார்ட்டிசிபிளின் செயப்படுபொருளாக இருப்பதால் இடம் மாறாமல் நிற்கும். "வென்", "பிகாஸ்" தொடர்கள் அப்படியல்ல. முன்னால் இருக்கும் வினையோடும் சேரும், பின்னால் வருவதோடும் சேரும். "ஹேவிங் ப்ராமிஸ்ட் டு கால் மீ வென் ஷி ரீச்ட் ஹோம், ஷி ஃபெல் அஸ்லீப்" என்றால் வீடு சேர்ந்ததும் அழைப்பதாக வாக்குக் கொடுத்தாள் என்று பொருள். காற்புள்ளியை "வென்" என்பதற்கு முன்னால் நகர்த்தினால், வீடு சேர்ந்ததும் தூங்கிவிட்டாள் என்று ஆகிவிடுகிறது. தமிழில் காற்புள்ளியை நம்ப வேண்டியதில்லை. "என்னை அழைப்பதாகச் சொல்லிவிட்டு வீடு சேர்ந்ததும் தூங்கிப்போனாள்" என்று இடம் மாற்றினாலே பொருள் பிரிந்துவிடும். அதற்காகத் தமிழ் முற்றிலும் தெளிவானது என்றும் சொல்ல முடியாது. "வீடு சேர்ந்ததும் என்னை அழைப்பதாகச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்" என்பதில், சேர்ந்ததும் செய்தது அழைப்பா, வாக்குக் கொடுத்ததா, தூக்கமா என்ற ஐயம் வாக்கியத்தின் தலைப்பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதே ஐயம் நடுவில், பார்ட்டிசிபிளுக்கும் முதன்மை வினைக்கும் இடையில் வந்து உட்காருகிறது.

இத்தகைய வாக்கியத்தைக் கண்டால் நான் காற்புள்ளியைத் திருத்துவதில்லை. பார்ட்டிசிபிளையே எடுத்துவிட்டு, "ஷி ஹேட் ப்ராமிஸ்ட் டு கால் மீ, பட் ஷி ஃபெல் அஸ்லீப் அஸ் சூன் அஸ் ஷி காட் ஹோம்" என்று இரண்டு முழு வினைகளாக எழுதச் சொல்கிறேன். மழையில் நடந்த மாணவியும் அப்படித்தான் "ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு த ஜெட்டி" என்று மாற்றி எழுதிவிட்டு, "இது ரொம்ப சாதாரணமா இருக்கே டீச்சர், மார்க் கொடுப்பாங்களா?" என்று கேட்டாள்.