எல்லா சர்வரையும் ஒரே பெட்டியில் மாற்றித் தருகிறோம் என்று வந்தால் உஷார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். எங்கள் பழைய சர்வர்களை விர்ச்சுவல் மெஷின்களாக (ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனி கணினி போல ஓடுபவை) மாற்றி, தங்கள் டேட்டா சென்டரில் ஓட்டித் தருவதாகச் சென்னையிலேயே உள்ள ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் வந்தது. கரண்ட் பில், ஏசி, ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புச் செலவு) எல்லாம் மிச்சம் என்றார்கள். அதில் பொய் இல்லை. பாதி நேரம் சும்மா கிடக்கும் சர்வர்களை ஒரே இயந்திரத்தில் சேர்ப்பது நல்ல வழிதான்.

கொட்டேஷனில் '8 கோர், 32 ஜிபி, டெடிகேட்டட்' என்று இருந்தது. அதாவது எட்டு சிபியு கோரும் 32 ஜிபி மெமரியும் எங்களுக்கு மட்டும், வேறு யாருக்கும் பங்கில்லை. ஆரம்பத்தில் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருங்கினாலே எங்கள் கணக்கு மென்பொருள் டாலி அப்படியே நின்றுவிடும். இ-வே பில் எடுக்க முடியாமல் லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கும். போன் போட்டால், "சார், எங்க சைடுல எல்லாம் நார்மல், உங்க அப்ளிகேஷன்தான் ஸ்லோ" என்பார்கள்.

அங்கே ஓடும் எங்கள் லினக்ஸ் மெஷினில், சிபியு நேரம் எங்கே போகிறது என்று காட்டும் 'டாப்' கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். 'எஸ்டி' என்ற இடத்தில் 35, 40 என்று ஏறி இறங்கியது. நம் மெஷினுக்கு வேலை இருந்தும், ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் நிஜ இயந்திரம்) சிபியுவை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு நம்மைக் காக்க வைத்த நேரத்தின் சதவீதம் அது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய எண். ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, அந்த ஹோஸ்டில் மொத்தம் எத்தனை விசிபியு (விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கோர்) விற்றிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதோடு பதில் வருவது நின்றது. இருக்கும் கோரைவிடக் கூடுதலாகப் பிரித்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம், அதை நான் குறை சொல்லவில்லை. டெடிகேட்டட் விலை வாங்கிக்கொண்டு அதைச் செய்வது மோசடி.

பேக்கப் விஷயம் இன்னும் மோசம். தினசரி பேக்கப் என்று மாதாமாதம் தனியாகக் காசு வாங்கினார்கள். ஒருநாள் அவர்களுடைய ஸ்டோரேஜ் போனது. டாலி, மெயில், அட்டெண்டன்ஸ் எல்லாம் ஒன்றாகப் படுத்தன. பேக்கப் என்று அவர்கள் வைத்திருந்தது வெறும் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவு, தனி நகல் அல்ல), அதுவும் அதே ஸ்டோரேஜில். மூல டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் போச்சு. அக்கவுண்ட்ஸ் அக்கா வாராவாரம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து வைத்த டாலி டேட்டாதான் எங்களைக் காப்பாற்றியது. மீதி வவுச்சர்களை பில் கட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தார்.

யாரிடம் போனாலும் கோர், மெமரி ரிசர்வேஷனை (நமக்கென்றே ஒதுக்கி வைக்கும் அளவை) ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மெஷின்கள் எங்கே எழும் என்று கேளுங்கள். பேக்கப் வேறு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை கண்முன்னே ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். எங்கள் அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.