வெர்பேட்டிம் 16எக்ஸ் டிவிடி-ஆர்: பெட்டியைப் பார்த்து வாங்கலாமா?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். இன்றைக்கும் பிளாங்க் டிவிடி தேவைப்படுகிறவர்கள் வெர்பேட்டிம் அசோ 16எக்ஸ் (எழுதும் உச்ச வேகம்) டிவிடி-ஆர், 50 டிஸ்க் கேக் பாக்ஸ் வாங்கலாம். கடையில் சுலபமாகக் கிடைப்பவற்றுள் அதுதான் தேறும். ஆனால் பெட்டியில் ‘அசோ’ (AZO, டிஸ்க்கில் பூசும் சாயத்தின் பெயர்) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதே கம்பெனியின் ‘லைஃப் சீரிஸ்’ பெட்டியும் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும், உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

அது எப்படி வேறு என்பதைப் புரிந்துகொள்ள டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். டிவிடி ஒரே தகடு அல்ல. 0.6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு இரண்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். விளிம்பை நகத்தால் தடவினால் நடுவில் அந்த ஒட்டு தட்டுப்படும். அடித்தகட்டின் உள்முகத்தில் சாயப் பூச்சு, அதன் மேல் கண்ணாடி போலப் பளபளக்கும் உலோகப் பூச்சு. டிரைவின் 650 நானோமீட்டர் லேசர் சாயத்தைச் சுட்டு வைக்கும் தழும்புகள்தான் நம் தகவல். கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் சாயமே கிடையாது. அங்கே குழிகள் ஆலையிலேயே பிளாஸ்டிக்கில் அச்சாகிவிடும். அதனால்தான் ஒரே அலமாரியில் பதினைந்து வருடம் கிடந்த படத்து டிவிடி ஓடுகிறது, பக்கத்தில் இருந்த கல்யாண டிவிடி ‘நோ டிஸ்க்’ என்கிறது.

சாயம் எது, பூச்சு எவ்வளவு சீர், ஒட்டு எவ்வளவு இறுக்கம் என்ற மூன்றும் ஆலையைப் பொறுத்தவை. பெட்டியில் இருக்கும் பெயர் பல நேரங்களில் அந்த ஆலையின் பெயர் அல்ல. அசோ சாயம் மிட்சுபிஷி கெமிக்கலின் சரக்கு. வெர்பேட்டிம் அவர்களிடம் இருந்த காலத்திலேயே டிஸ்க்குகள் சிங்கப்பூரிலும் தைவானிலும் இந்தியாவிலும் தயாராயின. 2019-ல் வெர்பேட்டிம் தைவானின் சிஎம்சி மேக்னெடிக்ஸ் கைக்குப் போனது. ஜப்பானின் தையோ யூடென், பழைய ஆட்கள் இன்றும் பெருமூச்சுவிடும் பெயர், 2015 இறுதியோடு இந்தத் தொழிலை விட்டது. அதன் தொழில்நுட்பமும் சிஎம்சிக்கே போய், ‘சிஎம்சி ப்ரோ’ என்ற பெயரில் வருகிறது. நம்மூரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கிடைத்த மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. சென்னை ரிச்சி தெருவில் யாராவது ‘பழைய ஸ்டாக், ஒரிஜினல்’ என்று நீட்டினால், அந்த டிஸ்க்குக்கு எழுதும் முன்பே வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத சாயமும் வெயிலிலும் ஈரத்திலும் கெடும்.

ஆகவே வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, டிஸ்க்கின் மீடியா குறியீட்டைப் படிப்பது. ஒவ்வொரு பிளாங்க் டிஸ்க்கிலும் தயாரிப்பாளர் குறியீடு ஆலையிலேயே பதிந்திருக்கும். டிஸ்க்கை டிரைவில் போட்டு இம்க்பர்ன் மென்பொருளைத் திறந்தால் வலப்பக்கப் பட்டியில் அது தெரியும். அசோ டிவிடி-ஆர் என்றால் ‘எம்சிசி 03ஆர்ஜி20’, டிவிடி+ஆர் என்றால் ‘எம்சிசி 004’. ‘சிஎம்சி மேக். ஏஎம்3’ என்று வந்தால் அது லைஃப் சீரிஸ் ரகம். ‘டிஒய்ஜி03’ வந்தால் தையோ யூடென். குறியீட்டையும் போலியாகப் பதிக்க முடியும், பதித்தும் இருக்கிறார்கள். அதனால் குறியீடு சரியாக இருந்தால் பாதி நிம்மதி. மீதிப் பாதி, எழுதிய பிறகு எடுக்கும் ஸ்கேனில்.

வேகத்தைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு: எவ்வளவு மெதுவாக எழுதினால் அவ்வளவு நல்லது என்று. 16எக்ஸ் டிஸ்க்கின் சாயமும், டிரைவ் அதற்கு வைத்திருக்கும் லேசர் கணக்கும் வேகமான எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. 2எக்ஸ், 4எக்ஸ் என்று இழுத்தால் சில டிஸ்க்குகளில் பிழை கூடவே செய்யும். 16எக்ஸில் எழுதினால் விளிம்பை நெருங்கும்போது டிஸ்க் நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழலும், கொஞ்சம் கோணலான டிஸ்க்கும் அங்கே ஆட ஆரம்பித்துவிடும். 8எக்ஸ்தான் நடுவாந்திரம். முழு டிஸ்க் எட்டு, ஒன்பது நிமிடத்தில் முடியும். 16எக்ஸில் மிச்சமாவது மூன்று நிமிடம், அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் ‘வெரிஃபை’ பச்சை டிக் காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். வெரிஃபை சொல்வது இன்றைக்கு, இந்த டிரைவில் படிக்கிறது என்பது மட்டும். எவ்வளவு சிரமப்பட்டுப் படித்தது என்று அது சொல்லாது. டிவிடியில் தகவல் 32 கேபி தொகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் 208 வரிசை, ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் திருத்தத்துக்கென்று 10 பைட். ஒரு வரிசையில் ஐந்து பைட் வரை தவறானாலும் டிரைவ் அங்கேயே சரிசெய்துகொள்ளும். இப்படித் தவறு இருந்த வரிசைகளின் கணக்குதான் பிஐஇ. அங்கே சரிசெய்ய முடியாமல் அடுத்த கட்டத் திருத்தத்துக்குத் தள்ளிவிட்ட வரிசைகள் பிஐஎஃப். அங்கேயும் முடியாவிட்டால் படம் உறையும்.

நீரோ டிஸ்க்ஸ்பீடு, ஆப்டி டிரைவ் கன்ட்ரோல் போன்ற மென்பொருள்கள் இந்த எண்ணிக்கையை வரைபடமாகக் காட்டும். எல்லா டிரைவும் இதைச் சொல்லாது. லைட்-ஆன் ஐஹாஸ் வரிசை சொல்லும், பழைய பென்க்யூ டிரைவ் கையில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். தரநிலை அனுமதிக்கும் உச்சம் அடுத்தடுத்த எட்டுத் தொகுதிக்கு 280 பிஐஇ, ஒரு தொகுதிக்கு 4 பிஐஎஃப். புதிதாக எழுதிய நல்ல டிஸ்க்கில் பிஐஇ 20, 30-ஐத் தாண்டக் கூடாது. எழுதிய அன்றே 200-ல் நிற்கும் டிஸ்க் வெரிஃபையில் தேறும், நாலு கோடை தாங்குமா என்பதுதான் சந்தேகம். வரைபடத்தைப் படமாகச் சேமித்து, தேதி போட்டு வையுங்கள். அடுத்த வருடம் அதே டிரைவில், அதே வேகத்தில் ஸ்கேன் செய்து ஒப்பிட வேண்டும். வேறு டிரைவில் எடுத்த ஸ்கேனோடு ஒப்பிடுவது இரண்டு வீட்டுத் தராசில் எடை பார்ப்பது மாதிரி.

வரைபடம் கெட ஆரம்பிப்பது பெரும்பாலும் வலது ஓரத்தில், அதாவது டிஸ்க்கின் வெளிவிளிம்பில். காரணம் பல ஒன்றாகக் கூடும் இடம் அது. ஈரக்காற்று ஒட்டுக்குள் நுழைவது விளிம்பு வழியாக. சாயப் பூச்சின் தடிமன் மாறுவதும் டிஸ்க்கின் கோணல் அதிகமாவதும் அங்கேதான். விரல் படுவதும் அங்கேதான். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் கடைசிக் காட்சிகள் அங்கே போய் உட்காரும். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடிகாலை முகூர்த்தம் என்று நடக்கும் நம் கல்யாணங்களை வரிசைப்படி எழுதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேடையில் வரிசையாக வந்து மொய்க்கவர் கொடுப்பதெல்லாம் உள்வட்டத்தில் பத்திரமாக இருக்கும். தாலி கட்டும் இடம் விளிம்பில் கிடந்து முதலில் போகும்.

இதற்கு வழி, டிஸ்க்கை நிரப்பாமல் விடுவது. விண்டோஸ் 4.38 ஜிபி என்று காட்டும் இடத்தில் 3.7 மட்டும் எழுதினால் வெளிவிளிம்பில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் காலியாக நிற்கும். டிஸ்க் வட்டம் என்பதால் வெளியே போகப் போக ஒரு மில்லிமீட்டரில் அடங்கும் தகவல் அதிகம், அதனால் 0.68 ஜிபி விட்டாலும் கிடைக்கும் வளையம் இவ்வளவுதான். அந்த வளையத்தைச் சும்மா விடவும் வேண்டாம். டிவிடிசாஸ்டர் என்ற இலவச மென்பொருள், எழுதுவதற்கு முன்பே ஐஎஸ்ஓ கோப்பின் (டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) கடைசியில் திருத்தத் தகவலைச் சேர்த்துக் கொடுக்கும். மேலே சொன்ன அளவில் அது சுமார் 18 சதவீத உபரி. நடுவில் கீறல் விழுந்தால் அதை வைத்து மீட்கலாம். விளிம்பே போனாலும் போவது உபரிதான், படம் அல்ல. வீட்டு டிவிடி பிளேயரில் டிஸ்க் வழக்கம்போல ஓடும். எழுதும்போது டிஸ்க்கை மூடும் ‘ஃபைனலைஸ்’ தேர்வை மட்டும் மறக்காதீர்கள், மூடாத டிஸ்க்கைப் பல பிளேயர்கள் தொடக்கூட மாட்டா.

அழித்து அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூவை ஆவணத்துக்கு வாங்கவே வேண்டாம். பிரதிபலிப்பு குறைவு, பழைய பிளேயர்கள் திணறும். டபுள் லேயர் 8.5 ஜிபி டிஸ்க்கும் அப்படியே, விலையும் எகிறும். மைனஸா (டிவிடி-ஆர்) பிளஸ்ஸா (டிவிடி+ஆர்) என்று கேட்பவர்களுக்கு: பழைய வீட்டு பிளேயருக்கு மைனஸ், கம்ப்யூட்டருக்கு எதுவானாலும் சரி. எம்-டிஸ்க் வகையில் சாயத்துக்குப் பதில் கல் போன்ற கனிமப் படலம் இருப்பதால் சாயம் மங்கும் பேச்சு இல்லை, ஆனால் அதை எழுத எம்-டிஸ்க் முத்திரை உள்ள டிரைவ் வேண்டும். பெரிய கோப்புகளுக்கு 25 ஜிபி ப்ளூ-ரே தேடுபவர்கள் எச்டிஎல் ரகம் கேட்டு வாங்க வேண்டும். எல்டிஎச் என்றால் அங்கேயும் சாயமே. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதும் ப்ளூ-ரே தயாரிப்பை நிறுத்திவிட்டதால் தேர்வும் சுருங்கிவருகிறது.

நல்ல டிஸ்க்கையும் கொல்லும் பழக்கங்கள் சில. முதல் எதிரி ஸ்டிக்கர். மணமக்கள் படத்தை முழு வட்டமாக அச்சடித்து டிஸ்க்கின் மேல் ஒட்டிக் கொடுப்பது ஸ்டூடியோக்களின் நெடுநாள் வழக்கம். காகிதம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். டிஸ்க்கின் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு, சாப்பாட்டுத் தட்டு போல லேசாகக் குழியும். அந்தக் குழிவு போதும், லேசர் விளிம்பில் தடம் தவறும். உரித்தாலும் ஆபத்துதான், மேல்தகட்டையே இழுத்துப் பிரித்துவிடும் அளவுக்குப் பசை பிடித்திருக்கும். ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும், முதலில் நகலெடுங்கள். புதிதாக எழுதுபவர்கள் மேற்பரப்பு வெள்ளையாக வரும் பிரிண்டபிள் டிஸ்க் வாங்கி இன்க்ஜெட்டில் அச்சடிக்கலாம். இல்லையென்றால் கரைப்பான் இல்லாத மார்க்கரால் நடுவளையத்தில் ஓர் எண் போட்டால் போதும்.

அடுத்தது வைக்கும் இடம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2003-ல் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டி 4 முதல் 20 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் என்கிறது. சென்னையில் ஏசி அறையைத் தவிர வேறெங்கும் இது நடக்காது. பரணும் மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் வேண்டாம். கல்யாண ஆல்பத்தின் கடைசி அட்டையில் வரும் பிளாஸ்டிக் உறை இன்னும் மோசம், டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். தனித்தனி கெட்டிப் பெட்டியில், நிற்கவைத்து, மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நம் ஊருக்குப் பொருந்தும்.

ஏற்கெனவே திணறும் டிஸ்க்கைக் காப்பாற்ற, முதலில் மென்மையான பருத்தித் துணியால் மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், சுற்றிச் சுற்றி அல்ல. பற்பசை வைத்துத் தேய்க்கும் வைத்தியம் அடிப்பக்கக் கீறலுக்கு ஓரளவு உதவலாம், சாயம் மங்கியதற்கு ஒன்றும் செய்யாது. பிறகு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்காமல் நேரே ஐஎஸ்ஓ நகல் எடுங்கள். விண்டோஸில் ஐசோபஸ்டர், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. டிடிரெஸ்க்யூவில் செக்டர் அளவு 2048 பைட் என்று கொடுக்க வேண்டும். எந்தெந்த இடம் படிக்கவில்லை என்பதை அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். அதே கோப்பையும் அதே டிஸ்க்கையும் இன்னொரு கம்பெனி டிரைவில் கொடுத்தால், விட்ட இடத்தை மட்டும் தேடிப் படிக்கும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று எடுத்துக்கொடுப்பது சர்வசாதாரணம். மூன்றாவது டிரைவ் கிடைத்தால் அதிலும் முயலுங்கள்.

சில இடங்கள் கடைசிவரை வராமல் போகலாம். ஒரு 32 கேபி தொகுதி என்பது டிவிடி வீடியோவில் விநாடியில் இருபதில் ஒரு பங்கு. அது போனால் படத்தில் அரை விநாடி கட்டம் கட்டமாக உடையும், அவ்வளவே. பிளேயரில் அதே இடத்தில் மணிக்கணக்கில் உறைந்து நின்ற டிஸ்க், ஐஎஸ்ஓவாக வந்தபின் கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ஒரு சின்ன துள்ளலோடு தாண்டிப்போய்விடும். வீட்டில் ஒரு கட்டு பழைய டிஸ்க் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியவற்றிலிருந்தும், பெயரே இல்லாத வெள்ளை டிஸ்க்குகளிலிருந்தும் ஆரம்பியுங்கள். அசோ டிஸ்க்குகள் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.