தட்டைத் தகட்டில் சாம்பிள், வளைந்த பாட்டிலுக்கு ஆர்டர்: கவனமாக இருங்கள்

பவுடர் கோட்டிங் போட்ட ஸ்டீல் பாட்டில்களில் "நேரடி யூவி பிரிண்ட், சுற்றிலும் 360 டிகிரி" என்று பேசி முன்பணம் வாங்கிய ஒரு பிரிண்டிங் கடை எங்களுக்குத் தந்த சரக்கைப் பற்றிய பதிவு இது. யூவி பிரிண்ட் என்றால் மையை நேராகப் பொருளின் மேல் அடித்து, யூவி ஒளியால் உடனே காயவைப்பது. பாதிப் பாட்டில்களில் இருப்பது அப்படி அடித்த பிரிண்டே இல்லை, யூவி டிடிஎஃப் ஸ்டிக்கர், அதாவது ஃபிலிமில் அடித்துப் பசையோடு பாட்டிலில் ஒட்டுவது. மீதியில் எழுத்தின் ஓரங்கள் மங்கிப் பரவியிருக்கின்றன. நகம் பட்டாலே மை உரிகிறது. ஆர்டர் பிடிக்கக் காட்டியதோ தட்டையான அக்ரிலிக் தகடு. அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் அடிக்கும்.

ஓரம் மங்கியதற்குக் காரணம், ரோட்டரி (பாட்டிலை உருட்டும் கருவி) இல்லாமல் ஃபிளாட்பெட்டில் (தட்டையான மேடையுள்ள மெஷின்) பாட்டிலைப் படுக்க வைத்து அடித்தது. மையைத் தெளிக்கும் ஹெட்டுக்கும் பொருளுக்கும் இடையே சுமார் 1 முதல் 3 மிமீ வரைதான் இடைவெளி இருக்கலாம். கூடினால் மைத்துளி வழியிலேயே விலகிச் சிதறும். 70 மிமீ விட்டமுள்ள பாட்டிலில் நடுக்கோட்டிலிருந்து 10 மிமீ தள்ளினால் பரப்பு சுமார் 1.5 மிமீ இறங்கிவிடும். 20 மிமீ தள்ளினால் 6 மிமீக்கு மேல். ஆக, சுமார் 20 மிமீ அகலப் பட்டைதான் துல்லியமாக விழும். சுற்றிலும் அடிக்க, பாட்டில் ஹெட்டுக்குக் கீழே உருள வேண்டும். அப்போதும் விட்டத்தை வெர்னியரில் அளக்காமல் 1 மிமீ தப்பாகக் கொடுத்தால், சுற்றளவில் 3.14 மிமீ பிசகி, படம் சேரும் இடத்தில் இடைவெளியோ இரட்டிப்போ தெரியும். அடி குறுகிய டம்ளர் என்றால் பாட்டிலைப் பிடிக்கும் ஜிக்கைச் சாய்த்து மேல்பரப்பை ஹெட்டுக்கு இணையாக்க வேண்டும். படத்தையும் அதற்கேற்ப விசிறி வடிவில் வளைக்க வேண்டும்.

மை உரிந்தது வேறு கதை. சொரசொரப்பான கோட்டிங்கில் பள்ளத்தின் பக்கச்சுவருக்கு யூவி ஒளி சரியாக எட்டாது, அங்கே மை அரைகுறையாகக் காய்கிறது. மேடுகளில் நிற்கும் மைதான் எல்லா உரசலையும் வாங்குகிறது. பல பவுடர் கோட்டிங்கில் மெழுகுச் சேர்மமும் உண்டு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அந்தப் பரப்புக்கு ஏற்ற பிரைமர் (மை பிடிக்க முதலில் பூசும் திரவம்) போட்டிருந்தால் நின்றிருக்கும். இந்த ஒரு வேலையை மிச்சப்படுத்தித்தான் ஏமாற்றினார்கள்.

டிடிஎஃப்பைக் கண்டுபிடிப்பது எளிது. எழுத்தைச் சுற்றிப் பசையின் மெல்லிய பளபளப்பு விளிம்பு இருக்கும். நகத்தால் நெம்பினால் எழுத்து முழுசாகத் தோல்போல் எழும்பும். வழவழப்பான பாட்டிலுக்கு அது மோசமான முறையல்ல. ஆனால் சொரசொரப்பில் அடியில் காற்று தங்கும், ஓரம் சீக்கிரம் தூக்கும். நேரடி பிரிண்ட் என்று சொல்லி அதை விற்பது மோசடி.

முழு ஆர்டருக்கு முன் உங்கள் பாட்டிலிலேயே, அதே கோட்டிங்கில் ஒன்று அடித்துத் தரச் சொல்லுங்கள். அடித்து 24 மணி நேரம் கழித்து பிளேடால் 1 மிமீ இடைவெளியில் நீளவாக்கில் 6 கீறல், குறுக்கே 6 கீறல் போடுங்கள். 25 சிறு கட்டங்கள் கிடைக்கும். ஒட்டும் டேப்பை அழுத்தித் தேய்த்து ஒரே இழுப்பில் உரியுங்கள். ஒரு கட்டம் முழுசாகப் போனாலும் ஏற்காதீர்கள். இன்னொரு மாதிரியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து உலர்த்தி, இதையே செய்து பாருங்கள். பில்லில் "யூவி ரோட்டரி, பிரைமருடன்" என்று முறையின் பெயரை எழுதி வாங்குங்கள். பாழாகும் வெற்றுப் பாட்டிலின் விலை யார் தலையில் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். எங்கள் பில்லில் "பிரிண்டிங்" என்று மட்டுமே இருந்ததால், ஸ்டிக்கரும் பிரிண்ட்தான் என்று கடை வாதிடுகிறது.