கான்ஜி: எழுதிப் பழகுவதா, பார்த்துப் படித்தால் போதுமா?

ஜப்பானிய மொழியில் பயன்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்தான் கான்ஜி. ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கான கான்ஜிப் பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வுதான் இலக்கு என்றால் பார்த்து அடையாளம் கண்டாலே போதும். அதில் விடையைத் தேர்ந்தெடுத்தால் சரி, எழுதச் சொல்வதில்லை. போனிலும் உச்சரிப்பைத் தட்டினால் எழுத்து வந்துவிடும்.

ஆனால் ‘மண்’ (土), ‘வீரர்’ (士) இரண்டுக்குமான எழுத்துகளைப் பாருங்கள். இரண்டிலும் மூன்றே கோடுகள். மண்ணுக்குக் கீழ்க்கோடு நீளம், வீரருக்கு மேல்கோடு நீளம். கண் இதை எளிதில் தவறவிடும். எழுதிப் பழகிய கை விடாது. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற கோட்டு வரிசையும் கையில் படிந்துவிடும். அப்புறம், ஒருவர் வேகமாகக் கிறுக்கிய குறிப்பைப் படிக்க இந்த வரிசைதான் உதவும்.

ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைகள் கற்கும் 80 எழுத்துகளையாவது கட்டாயம் எழுதிப் பழகுங்கள். அதற்குமேல், குழப்புகிற ஜோடிகளை மட்டும் எழுதினால் போதும்.