நியூட்ரியாவுக்கு மிதவைக் கூண்டு: வாங்கலாமா?

பெட்டிக்குள் இரண்டு சாமான்கள்: ஒரு கம்பிவலைக் கூண்டு, அதைத் தாங்க ஃபோமும் பலகையும் சேர்த்த மிதவை. தனித்தனியாகவும் விற்கிறார்கள். மிதவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். கூண்டுக்கு மூன்றுதான்.

நியூட்ரியா என்றதும் பெருச்சாளியை நினைக்க வேண்டாம். ரோமத்துக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து பல நாடுகளுக்குக் கொண்டுபோய்ப் பண்ணையில் வளர்த்த, நீரோரம் வாழும் பெரிய கொறிவிலங்கு இது. ஐந்து முதல் ஒன்பது கிலோ வரை இருக்கும், முன்பற்கள் நல்ல ஆரஞ்சு நிறம். ஒரே நாளில் தன் எடையில் கால் பங்கு தின்னும். இலையோடு விட்டால் பரவாயில்லை, வேரையும் தோண்டித் தின்பதால் கரை மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் மிஞ்சாது. போதாக்குறைக்குக் கரைக்குள்ளேயே வளை வேறு. எங்கள் குளத்துக் கரையில் நடந்தால் சில இடங்களில் கால் பொசுக்கென்று உள்ளே போகும்.

கரையில் வைக்கிற கூண்டு தண்ணீர் ஏறினால் மூழ்கும், இறங்கினால் சேற்றில் கிடக்கும். மிதவைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதைவிட முக்கியமாக, நியூட்ரியாவுக்குத் தண்ணீர் நடுவே மேடையில் உட்கார்ந்து தின்னப் பிடிக்கும். செடிகொடிகளைக் குவித்துத் தானே மேடை போட்டுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைத்தான் இந்த மிதவை பயன்படுத்துகிறது. முதல் சில நாள் கூண்டுக் கதவைத் திறந்தபடி கட்டிவிட்டு, கேரட்டும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்டுப் பழக்குங்கள். பயம் தெளிந்த பிறகு கட்டை அவிழ்த்தால் போதும். கூடவே தரும் வாசனைத் திரவப் புட்டி தண்டம்.

இனி குறைகள். மிதவையின் ஓரத்தில் ஃபோம் வெளியே தெரிகிறது, அதைக் கொறித்துத் துருவிவிட்டன. தகரம் சுற்றி அடித்த பிறகு தொடவில்லை. மிதவையில் எனக்குள்ள குறை அவ்வளவுதான். கூண்டின் மிதிதட்டு ரொம்ப விறைப்பு, பெரியது ஏறினால்தான் கதவு விழும். குட்டிகள் உள்ளே போய்க் கேரட்டைத் தின்றுவிட்டுச் சாவகாசமாக வெளியே வருகின்றன. பாசி சிக்கினால் கதவு பாதியில் நின்றுவிடும், தினமும் வழித்துப் போட வேண்டும்.

விளம்பரத்தில் 'ஒரே பருவத்தில் தொல்லை தீரும்' என்று போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். சினைக்காலம் சுமார் 130 நாள், ஈற்றுக்குச் சராசரியாக நாலைந்து குட்டி, ஈன்ற ஓரிரு நாளிலேயே மறுபடி இணைசேரும். அமெரிக்காவின் லூசியானாவில் 2002 முதல் வாலுக்கு இத்தனை டாலர் என்று அரசே பணம் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. மேரிலாந்தில் செசபீக் விரிகுடாப் பக்கம் 2002இல் தொடங்கிய திட்டம் 2022இல்தான் 'இனி இல்லை' என்று அறிவித்தது. ஏறத்தாழ 14,000 விலங்குகளைப் பிடித்த பிறகும் மிச்சமிருந்த சிலவற்றைத் தேட மோப்ப நாய்கள் வேண்டியிருந்தன. பிரிட்டனில் 1981இல் முழுநேர ஆட்களை வைத்து வேட்டையைத் தொடங்கி, 1989இல் ஒழித்ததாக அறிவித்தார்கள். பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்து பிடிக்காவிட்டால் நம் கூண்டு காலியான இடத்துக்கு அங்கிருந்து ஆள் வரும், அவ்வளவுதான்.

உயிரோடு பிடிப்பதில் ஒரு நன்மை: வாத்தோ ஆமையோ மாட்டினால் திறந்துவிடலாம். அதனால் விடிந்ததும் போய்ப் பார்த்துவிடுங்கள், வெயிலில் விட்டுவைக்காதீர்கள். ஆனால் நியூட்ரியா மாட்டினால் என்ன செய்வது என்று கையேட்டில் ஒரு வரி கிடையாது. வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவது பல நாடுகளில் குற்றம். ஐரோப்பிய ஒன்றியம் 2016லேயே இதை ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்துவிட்டது. வாங்கும் முன்பே வனவிலங்குத் துறையிடம் விதியைக் கேட்டுவிடுங்கள்.

கூண்டின் கைப்பிடி வலைக்கு மிக அருகில் இருக்கிறது, அந்தப் பற்களுக்கு எட்டும் தூரம். எலிக்காய்ச்சல் கிருமியும் இவற்றிடம் இருக்கலாம். தடித்த ரப்பர் கையுறையைப் பெட்டியில் தரவில்லை, தனியாக வாங்க வேண்டும்.